மின்கடத்தும் பசை: சால்டர் போக முடியாத இடத்தில் பாகங்களை இணைப்பது எப்படி

எலக்ட்ரானிக் பாகங்களைச் சர்க்யூட் போர்டில் பொருத்த, உருக்கி ஒட்டும் உலோகக் கலவையான சால்டர்தான் முதல் தேர்வு. மலிவு, வலு அதிகம், தவறினால் திருத்துவதும் எளிது. ஆனால் சால்டர் உருகியாக வேண்டும். பழைய ஈய-வெள்ளீயக் கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகும். இன்று பரவலாகப் புழங்கும் ஈயமில்லாத வெள்ளீய-வெள்ளி-செம்புக் கலவைக்கு 217 முதல் 220 டிகிரி வேண்டும்; அதற்காக அவனின் (சூடேற்றும் மின் அடுப்பின்) உச்ச வெப்பத்தை 240–250 டிகிரிக்குக் கொண்டுபோவார்கள். பாலியெஸ்டர் தாளில் அச்சடித்த சர்க்யூட் அதற்கு வெகு முன்னரே நெளிந்துவிடும். 80 டிகிரியை ஒட்டியே அது இளகத் தொடங்குகிறது. எல்சிடி திரையின் கண்ணாடியில் படிந்திருக்கும் ஒளி ஊடுருவும் கடத்திப் படலத்தில் சால்டர் பிடிக்காது. வெள்ளி மையில் அச்சடித்த தடத்தின் மேல் உருகிய வெள்ளீயம் பட்டால், அந்த வெள்ளியையே கரைத்துக்கொண்டு போய்விடும்.

இப்படிப்பட்ட இடங்களுக்காகத்தான் மின்கடத்தும் பசை இருக்கிறது. குவார்ட்ஸ் படிகங்களை அவற்றின் உறைக்குள் பிடித்து வைப்பது, ஆர்எஃப்ஐடி அட்டையில் (தொடாமலே ரேடியோ அலையால் படிக்கும் அட்டை) சிப்பை ஆன்டெனாவோடு இணைப்பது, செல்போன் திரையில் வளையும் கேபிளை ஒட்டுவது, சிப்பை அதன் அடித்தளத்தில் பதிப்பது எல்லாம் இதன் வேலை. இதைக் ‘குழாயில் அடைத்த சால்டர்’ என்று நினைத்துக்கொண்டு தொடங்குபவர்களுக்கே பெரும்பாலான தோல்விகள் நேர்கின்றன. சால்டர் உலோகத்தோடு வினைபுரிந்து ஒரு புதிய கலவை அடுக்கை உண்டாக்கிப் பிடிக்கிறது. பசை அப்படி எதுவும் செய்வதில்லை. அதிலுள்ள துகள்கள் பரப்பைத் தொட்டுக்கொண்டு மட்டுமே இருக்கின்றன. ஆகவே பசைக்குள் எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்பதைவிட, அது தொடும் பரப்பு எப்படி இருக்கிறது, பசை முழுமையாக இறுகியதா என்பவையே இணைப்பின் தரத்தைத் தீர்மானிக்கின்றன.

உள்ளே என்ன இருக்கிறது?

இரண்டே பொருள்கள்: ஒரு பிசின், அதில் கலந்த உலோகத் துகள். பிசின் பெரும்பாலும் எபாக்சி. வளைந்துகொடுக்க வேண்டிய இடங்களில் சிலிகோன், பாலியூரிதேன், அக்ரிலேட் வகைகளும் உண்டு. பிசின் தானாக மின்சாரம் கடத்தாது, பிடித்துக்கொள்வது மட்டுமே அதன் பங்கு. கடத்துவது துகள்கள்.

துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் கடத்துதிறனும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் என்று தோன்றும். அப்படி நடப்பதில்லை. ஆற்றைக் கடக்கக் கற்களைப் போடுவதுபோலத்தான்: கரைக்குக் கரை வரிசை எட்டாதவரை எத்தனை கல் கிடந்தாலும் அக்கரை சேர முடியாது. துகள்கள் ஒன்றையொன்று தொட்டு முழுத் தொடராக மாறும் ஓர் அளவு உண்டு. அதற்குக் கீழே பசை ஏறக்குறைய மின்காப்பி. அதைத் தாண்டியதும் மின்தடை பல்லாயிரம் மடங்கு திடீரெனச் சரியும். நடைமுறைப் பசைகளில் வெள்ளி, கன அளவில் 25–30% இருக்கும். கேட்பதற்குக் குறைவாகத் தெரிந்தாலும், வெள்ளியின் அடர்த்தி 10.5, எபாக்சியினது 1.2 வாக்கில் என்பதால் எடையில் அது 75–80% ஆகிறது. கையில் எடுத்தால் சின்ன சிரிஞ்ச் கனப்பதும், விலை கூடுவதும் இதனால்தான்.

துகள்கள் உருண்டையாக இல்லாமல் மெல்லிய செதிலாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ஒன்றன்மேல் ஒன்று படியும் செதில்களுக்குத் தொடும் பரப்பு அதிகம். குறைந்த வெள்ளியிலேயே தொடர் அமைந்துவிடும். வெள்ளியையே தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் அதன் கடத்துதிறன் மட்டுமல்ல, அதன் ஆக்சைடும் ஓரளவு மின்சாரம் கடத்தும். செம்பு மலிவுதான், ஆனால் செம்புத் துகளின் மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தை மறிக்கும். நாளாக ஆக இணைப்பு தானாகவே கெடும். நிக்கல் நிலையானது, ஆனால் தடை கூடுதல். கார்பன் கலந்த பசைகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றின் தடை வெள்ளிப் பசையைவிடப் பல நூறு மடங்குக்கு மேல். நிலைமின்னை வடியவிட அவை போதும், பாகம் இணைக்க அல்ல.

இன்னொரு நுணுக்கம். செதில்களை அரைத்துத் தட்டையாக்கும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதிருக்க ஸ்டியரிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலம் பூசுவார்கள். அந்தப் பூச்சு மின்காப்பி. அதனால் சிரிஞ்சிலிருந்து பிதுக்கிய ஈரப் பசையை மல்டிமீட்டரால் தொட்டால் தடை மிக அதிகமாகக் காட்டும். பசை கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். சூட்டில் பிசின் இறுகும்போது சுருங்கிச் செதில்களை நெருக்குகிறது, பூச்சும் ஓரளவு விலகுகிறது. கடத்துதிறன் பிறப்பது அந்தக் கட்டத்தில்தான். இதன் மறுபக்கம்: அரைகுறையாக இறுகிய பசை நன்றாக ஒட்டியிருக்கும், ஆனால் நன்றாகக் கடத்தாது.

எண்ணில் பார்த்தால்

சுத்த வெள்ளியின் மின்தடை எண் 0.0000016 ஓம்-செ.மீ.; ஈய-வெள்ளீய சால்டருக்கு ஏறத்தாழ 0.000015. நல்ல வெள்ளி எபாக்சிக்கு 0.0001 முதல் 0.0005 வரை. சால்டரைவிடப் பத்து முப்பது மடங்கு மோசம். இது எங்கே உறுத்தும், எங்கே உறுத்தாது என்பதை இரண்டு கணக்குகளில் பார்க்கலாம். இரண்டிலும் 0.0005 என்றே வைத்துக்கொள்வோம்.

முதலாவது, ஒரு பாகத்தின் அடியில் 1 மி.மீ. × 1 மி.மீ. பரப்பில், 50 மைக்ரான் தடிமனில் பசை. தடை = 0.0005 × 0.005 ÷ 0.01 = 0.00025 ஓம். அதாவது கால் மில்லி ஓம். எந்தச் சர்க்யூட்டும் கண்டுகொள்ளாத அளவு.

இரண்டாவது, அதே பசையை 5 செ.மீ. நீளம், 1 மி.மீ. அகலம், 50 மைக்ரான் தடிமனில் ஒரு கோடாக இழுத்துத் தடமாகப் பயன்படுத்தினால்? 0.0005 × 5 ÷ 0.0005 = 5 ஓம். வழக்கமான 35 மைக்ரான் செம்புத் தடத்துக்கு அதே நீள அகலத்தில் 0.025 ஓம்கூட இல்லை. 20 மில்லி ஆம்பியர் எல்இடிக்கு அந்த 5 ஓமில் 0.1 வோல்ட் மட்டுமே இழப்பு, பரவாயில்லை. 1 ஆம்பியர் ஓடினால் 5 வாட் சூடு அந்தக் கோட்டிலேயே எரியும், பசை கருகிவிடும்.

ஆக, பசை குறுக்காகக் கடத்த நல்லது, நெடுக்காகக் கடத்த மோசம். முதல் கணக்கில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது: பசையின் உடலில் கால் மில்லி ஓம்தான் என்றால், நீங்கள் அளக்கும்போது தெரியும் பத்து, ஐம்பது மில்லி ஓம் எல்லாம் எங்கிருந்து வருகிறது? பசையும் உலோகமும் சந்திக்கும் பரப்பிலிருந்து. தவறு தேட வேண்டிய இடமும் அதுவே.

ஒட்டும் முறை

எல்லாத் திசையிலும் கடத்தும் வெள்ளி எபாக்சிதான் தொடங்குவதற்கு ஏற்றது. இரண்டு வடிவில் வரும். இரு பகுதிப் பசையை ஒட்டும் நேரத்தில் கலக்க வேண்டும். ஒரே பகுதிப் பசை முன்பே கலந்து உறைநிலையில் வருகிறது. பல வகைகளுக்கு −40 டிகிரி உறைபெட்டி தேவை. சிறிய அளவில் செய்பவர்களுக்கு இரு பகுதி வகையே வசதி.

உறைந்த சிரிஞ்சை வெளியே எடுத்ததும் திறக்கக் கூடாது. செங்குத்தாக நிறுத்தி, மூடியோடு அரை மணி முதல் ஒரு மணி நேரம் அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். குளிர்ந்த பசையில் காற்றின் ஈரம் படிந்தால் அவனில் அது ஆவியாகிக் குமிழாகும். அவசரத்துக்குக் கையில் பிடித்துச் சூடேற்றினால் பசை குழாய்ச் சுவரிலிருந்து பிரிந்து இடையில் காற்று புகும். ஒருமுறை உருகியதை மீண்டும் உறைய வைக்காதீர்கள்.

இரு பகுதிப் பசையில் வெள்ளி அடியில் படிந்திருக்கும். கலக்கும் முன்னரே ஒவ்வொரு டப்பாவையும் தனித்தனியாக அடிவரை கிளறுங்கள். பிறகு தராசில் எடை பார்த்து எடுங்கள். பல வகைகளுக்கு விகிதம் எடையில் 1:1. கண்ணளவில் எடுப்பது இங்கே ஆகாது, ஏனெனில் இரண்டு பகுதிகளும் ஒரே அடர்த்தி கொண்டிருக்க வேண்டியதில்லை. கண்ணாடித் தகட்டில் தட்டையான கரண்டியால் இரண்டு நிமிடம், அடிப்பதுபோல் அல்லாமல் மடித்து மடித்துக் கலக்கினால் காற்று குறைவாகப் புகும். நைட்ரைல் கையுறை கட்டாயம். இறுகாத எபாக்சி தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும். ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் அரிக்கும்.

பரப்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் துடைத்து உலரவிடுங்கள். சால்டரில் ஃப்ளக்ஸ் இருக்கிறது, கொஞ்சம் அழுக்கையும் ஆக்சைடையும் அதுவே தின்றுவிடும். பசையில் அப்படி எதுவும் இல்லை. பாகத்தின் முனை அமரும் உலோகத் திட்டான பேட் வெறும் செம்பு என்றால் நுண்ணிய உரசுதாளால் தேய்த்து, துடைத்து, உடனே ஒட்ட வேண்டும். விரல் ரேகை ஒன்று போதும், இணைப்பைக் கெடுக்க.

பசை வைக்கும் அளவில்தான் கைப்பழக்கம் வேண்டும். 0805 அளவுள்ள ரெசிஸ்டருக்கு, அதாவது 2 மி.மீ. × 1.25 மி.மீ. உடலுக்கு, ஒவ்வொரு பேடிலும் அரை முதல் முக்கால் மி.மீ. விட்டமுள்ள ஒரு புள்ளி போதும். ஊசியின் உள்விட்டம் மிகப் பெரிய செதிலின் பத்து மடங்காவது இருக்கட்டும், இல்லையென்றால் செதில்கள் வாயில் அடைத்துப் பிசின் மட்டும் வெளியே வரும். 20 மைக்ரான் செதிலுக்கு 0.25 மி.மீ. உள்விட்டமுள்ள 25 கேஜ் ஊசி சரி. ஸ்டென்சிலில், அதாவது துளையிட்ட தகட்டின் வழியாக, தேய்ப்பதானால் 75–100 மைக்ரான் தகடு எடுங்கள். சால்டர் பேஸ்ட் உருகும்போது பேடின் மேல் தானாகச் சுருண்டுகொள்ளும் என்பதால் அங்கே சற்று அதிகம் வைத்தாலும் பரவாயில்லை. பசை வைத்த இடத்திலேயே நிற்கும், அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்கும்.

பாகத்தை வைக்கும்போதும் இதே வேறுபாடு. உருகிய சால்டரின் பரப்பு இழுவிசை கோணலாக வைத்த பாகத்தை நேராக இழுத்துவிடும். பசையில் நீங்கள் வைத்த கோணமே கடைசிவரை. (ஒரு ஆறுதல்: சால்டரில் சிறு பாகங்கள் ஒரு முனையில் எழுந்து நிற்கும் தொல்லை இங்கே கிடையாது.) சாமணத்தால் வைத்து, மேலிருந்து மெதுவாக ஓர் அழுத்து. முனையின் பக்கச் சுவரில் கால்வாசி உயரம் பசை ஏறினால் போதும். உடலின் அடியில் இரண்டு புள்ளிகளும் ஒன்றையொன்று நெருங்கினால் அளவு அதிகம்; துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள். இறுகும் முன் அதைச் செய்வது ஒரு நிமிட வேலை.

இறுகவைத்தல்

ஒரே பசையை வெவ்வேறு வெப்பத்தில் இறுகவைக்கலாம்; குறைந்த சூடு என்றால் நீண்ட நேரம். பொதுவான எபாக்சிகளில் 150 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குள், 80 டிகிரியில் மூன்று மணி நேரம், அறை வெப்பத்தில் ஒரு நாள் அல்லது அதற்கு மேல் என்ற அளவில் இருக்கும். உங்கள் பசையின் தரவுத்தாளில் உள்ளதே இறுதி. பாகம் தாங்குமானால் எப்போதும் கூடிய சூட்டையே தேர்ந்தெடுங்கள். அறை வெப்பத்தில் இறுகிய மூட்டு கைக்குக் கெட்டியாகத்தான் தெரியும். ஆனால் அதே பசை சூட்டில் இறுகினால் தடை பல மடங்கு குறையும். பாலியெஸ்டர் தாளோ மற்ற மென்மையான பொருளோ இருந்தால் மட்டுமே கீழே இறங்குங்கள்.

அவனின் முகப்பில் 150 என்று காட்டுவது காற்றின் வெப்பம். தடிமனான போர்டோ உலோகத் தட்டோ உள்ளே இருந்தால் பசை அந்த வெப்பத்தை எட்டப் பதினைந்து நிமிடம்கூட ஆகலாம். தரவுத்தாளின் நேரம் பசை அந்த வெப்பத்தை எட்டியதிலிருந்து தொடங்குகிறது. பசைக்கு அருகில் ஒரு தெர்மோகப்பிளை (வெப்பம் அளக்கும் கம்பி உணரியை) ஒட்டி ஒருமுறை அளந்துவிட்டால் பிறகு ஊகம் தேவையில்லை. இறுகிவிட்டதா என்று பார்க்க, ஓரத்தில் ஒதுக்கி வைத்த ஒரு துளியை அசிட்டோன் தொட்ட பஞ்சால் தேயுங்கள். பஞ்சில் சாம்பல் நிறம் நன்றாக ஏறினால் இன்னும் இறுகவில்லை.

பிறகு அளவீடு. சாதாரண மல்டிமீட்டரின் கம்பிகளுக்கே 0.2 ஓமுக்கு மேல் தடை இருக்கும்; அதை வைத்து மில்லி ஓம் அளக்க முடியாது. நான்கு முனை அளவீடு வேண்டும்: இரண்டு முனைகள் வழியாகத் தெரிந்த மின்னோட்டம், உதாரணமாக 100 மில்லி ஆம்பியர், அனுப்பி, வேறு இரண்டு முனைகளால் மூட்டின் இருபுறமும் வோல்ட்டை அளக்க வேண்டும். 1 மில்லி வோல்ட் காட்டினால் 10 மில்லி ஓம்.

முதல் நாள் நன்றாக இருந்து, பிறகு கெடுவது

அவனிலிருந்து எடுத்ததும் தடை அருமையாக இருக்கும். மழைக்காலம் ஒன்று போனதும் அது ஏறத் தொடங்கும். காரணம் பெரும்பாலும் பாகத்தின் முனையிலுள்ள வெள்ளீய முலாம். வெகுகாலம் இதைச் சாதாரண ஆக்சைடு என்றே நினைத்தார்கள். 1990-களின் இறுதியில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் சி. பி. வாங் குழுவினர், இது இரு உலோக அரிப்பு என்று காட்டினார்கள். வெள்ளியும் வெள்ளீயமும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் ஈரம் சேர்ந்தால் அது ஒரு சிறு மின்கலம். அதில் வெள்ளீயம் அரிபட்டு, கடத்தாத படலம் சந்திப்பில் வளர்கிறது. வறண்ட சூட்டில் இது நடப்பதில்லை, ஈரம் வேண்டும்.

தீர்வு எளிது, ஆனால் பாகம் வாங்கும்போதே யோசிக்க வேண்டும்: தங்கம், வெள்ளி, வெள்ளி-பல்லேடியம் முனைகள் கொண்ட பாகங்களை எடுங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் பெரும்பாலும் வெள்ளீய முலாம்தான். பசைக்கென்று தனி முனையோடு வருபவை வேறு வரிசையில் இருக்கும். போர்டின் பேடும் தங்க முலாமாக இருப்பது நல்லது. வெள்ளீயத்தைத் தவிர்க்கவே முடியாதென்றால், அரிப்புத் தடுப்பான் சேர்த்த, ஈரம் குறைவாக உறிஞ்சும் பசைகள் உண்டு.

இதைச் சோதிக்கும் வழக்கமான அளவுகோல், அமெரிக்காவின் தேசிய உற்பத்தி அறிவியல் மையம் வகுத்தது: 85 டிகிரி வெப்பம், 85% ஈரப்பதத்தில் 500 மணி நேரம் வைத்த பிறகு மூட்டின் தடை 20 சதவீதத்துக்கு மேல் மாறக் கூடாது, ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து ஆறு முறை விழுந்தும் பாகம் கழன்றுவிடக் கூடாது. விழும் சோதனையில் பல பசைகள் தோற்கும். வெள்ளி அதிகம் திணித்த எபாக்சி நொறுங்கும் தன்மையது. பெரிய, கனமான பாகங்கள் அதிர்ச்சியில் முதலில் கழன்று போகும். அவற்றுக்கு ஓரங்களில் சாதாரண எபாக்சியால் கூடுதல் பிடிமானம் கொடுப்பது நல்ல பழக்கம். கடத்தும் பசையையே அள்ளி அப்புவது கெட்ட பழக்கம்.

வெள்ளி ஊர்வது இன்னொரு பிரச்சினை. இரண்டு மூட்டுகளுக்கு இடையே ஒரே திசை (டிசி) மின்னழுத்தம் இருந்து, பரப்பில் ஈரப்படலமும் இருந்தால், நேர்முனையில் வெள்ளி அயனியாகக் கரைந்து எதிர்முனையை அடைந்து, அங்கிருந்து மரக்கிளை வடிவில் திரும்பி வளரும். எட்டியதும் ஷார்ட். நெருக்கமான பேடுகளில் இது நாட்களிலேயே நடக்கலாம். இடைவெளியைக் கூட்டுவது, ஃப்ளக்ஸ் போன்ற அயனி மிச்சங்களைக் கழுவுவது, இறுகிய பிறகு காப்புப் பூச்சு அடிப்பது மூன்றும் உதவும்.

சூடு கக்கும் பாகங்களிலும் எச்சரிக்கை வேண்டும். வெள்ளி எபாக்சியின் வெப்பக் கடத்துதிறன் பொதுவாகச் சில வாட் அளவு, அதாவது ஒரு மீட்டருக்கு, ஒரு கெல்வினுக்கு. சால்டருக்கு 50 வாக்கில். பவர் டிரான்சிஸ்டரையும் பெரிய எல்இடியையும் சாதாரண வெள்ளி எபாக்சியில் ஒட்டுவது சரியான தேர்வு அல்ல.

ஒரே திசையில் கடத்தும் படலம்

செல்போன் திரையில் கேபிள் ஒட்டியிருக்கும் விளிம்பை உருப்பெருக்கியில் பார்த்தால் நூற்றுக்கணக்கான தடங்கள் மிக நெருக்கமாக ஓடும். அங்கே ஒவ்வொரு பேடிலும் தனித்தனியாகப் பசை வைப்பது நடக்காத காரியம். அதற்கு வேறொரு தந்திரம்: கலக்கும் துகளின் அளவை, முன்பு சொன்ன முழுத் தொடர் உருவாகும் எல்லைக்கு வேண்டுமென்றே கீழே வைப்பது. கன அளவில் 5–10% மட்டும். துகள்கள் ஒன்றையொன்று தொடாது. படலம் பக்கவாட்டில் மின்காப்பி. இரண்டு பேடுகளுக்கு நடுவே நசுங்கும் இடத்தில் மட்டும் ஒற்றைத் துகள் மேலும் கீழும் தொட்டுப் பாலமாகிறது.

துகள் என்பது 3 முதல் 10 மைக்ரான் விட்டமுள்ள பிளாஸ்டிக் உருண்டை. அதன்மேல் நிக்கல், அதன்மேல் தங்கம். பிளாஸ்டிக் எதற்கு? நசுங்கிய உருண்டை திரும்ப விரியப் பார்த்துக்கொண்டே இருக்கும். பிசின் கொஞ்சம் தளர்ந்தாலும் தொடர்பு அறாது.

படலம் நாடாவாகச் சுருளில் வரும். குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். முதலில் 80 டிகிரி அளவில் ஓரிரு நொடி மெதுவாக அழுத்தி ஒரு பக்கத்தில் ஒட்டி, பாதுகாப்புத் தாளை உரிக்க வேண்டும். பிறகு கேபிளை நேர்செய்து, சூடான உலோகப் பட்டையால் 160–190 டிகிரியில், 2–4 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் 10–20 நொடி. அழுத்தம் எல்லா இடத்திலும் சமமாக விழுவதே இதன் உயிர். பட்டை ஒரு மயிரிழை சாய்ந்தாலும் ஒரு பக்கத்துத் துகள்கள் நொறுங்கிப் போகும், மறுபக்கத்தவை தொடவே தொடாது. திரையில் ஓர் ஓரத்தில் மட்டும் கோடுகள் மறைவது அதன் அடையாளம். பிசின் இறுகும் முன் அழுத்தத்தை எடுத்தாலும் அதே கதி. இஸ்திரிப் பெட்டியாலோ சால்டர் இரும்பாலோ இதைச் செய்துவிடலாம் என்று சொல்லும் குறிப்புகளை நம்ப வேண்டாம். அகலமான நாலைந்து பேடுகள் என்றால் அதிர்ஷ்டம் கைகொடுக்கலாம், நுண்ணிய இடைவெளியில் கொடுக்காது.

கழற்றுவது எப்படி?

இறுகிய எபாக்சி திரும்ப உருகாது. ஆனால் அதன் கண்ணாடி நிலை மாறும் வெப்பத்தைத் தாண்டினால் ரப்பர்போல இளகும். பல வெள்ளி எபாக்சிகளுக்கு அது 80 முதல் 120 டிகிரிக்குள். வெப்பக்காற்றால் பாகத்தை 150–200 டிகிரிக்குச் சூடாக்கி, மெல்லிய தகட்டை அடியில் நுழைத்துப் பக்கவாட்டில் திருகினால் கழன்று வரும். மேல்நோக்கி இழுத்தால் பேடும் சேர்ந்து வந்துவிடும். மிச்சப் பசையைச் சூடு ஆறும் முன் மூங்கில் அல்லது பிளாஸ்டிக் கத்தியால் சுரண்டி, ஆல்கஹாலில் துடைத்துவிட்டுப் புதுப் பசை வையுங்கள். பழைய பசையின் மெல்லிய படலம் ஒட்டியிருந்தால் அதன் மேலேயே வைக்கலாம் என்று தோன்றும். மேலே பிசின் தோல் மூடியிருப்பதால் அது கடத்தாது, உரசுதாளால் வெள்ளி மின்னும்வரை தேய்த்த பிறகே வைக்க வேண்டும். ஒரே திசையில் கடத்தும் படலத்தில் ஒட்டிய கேபிளைச் சூட்டில் உரித்த பின், கண்ணாடியில் தங்கும் பிசினை அசிட்டோனிலோ அதற்கென விற்கும் கரைப்பானிலோ ஊறவைத்துப் பஞ்சால் நீக்குங்கள். உலோகக் கத்தி அங்கே கூடாது: கண்ணாடியின் மேலுள்ள கடத்திப் படலம் ஒரு மைக்ரான்கூடத் தடிமன் இல்லாதது, ஒரு கீறலில் தடம் அறுந்துவிடும்.